கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு வீடு மாறுகிறேன். பிராட்பேண்டுக்கு எக்ஸிட் சார்ஜ் கட்டித்தான் ஆக வேண்டுமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீடு. ஐந்து மாதத்துக்கு முன் ஃபைபர் இணைப்பு எடுத்தீர்கள். மாதம் 599 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒரு வருடம் நிறுத்தமாட்டோம் என்று ஒப்புக்கொண்டதால் 1,000 ரூபாய் இன்ஸ்டலேஷன் தள்ளுபடி, ரவுட்டரும் இலவசம். கட்டுப்பாடு இல்லாமல் மாதாமாதம் எடுத்திருந்தால் அதே வேகத்துக்கு 699. இப்போது உங்கள் கணவருக்குப் பொள்ளாச்சியில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் வீடு மாறுகிறீர்கள். கம்பெனியில் கேட்டதற்கு, "அந்தப் பக்கம் எங்களுக்கு லைன் இல்லை, மீதி ஏழு மாத இணைப்பு வாடகையையும் கட்டிவிட்டு மூடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இதைத்தான் எக்ஸிட் சார்ஜ் என்கிறார்கள். வரியோடு 4,947 ரூபாய் 74 காசு. லைன் கொடுக்க முடியாதது அவர்கள், தண்டம் கட்டுவது நானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தது யார் என்பது ஒன்று. முறித்ததற்குக் கேட்கிற தொகை சரியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் பணம் மிச்சமாவது இரண்டாவது கேள்வியில்தான். பலரும் முதல் கேள்வியிலேயே கம்பெனியோடு சண்டை போட்டு, தோற்று, கேட்ட தொகையை முழுதாகக் கட்டிவிட்டு வருகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. பாலக்காடு மாவட்டத்தில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். கணக்கு மூடுவது, பாக்கி வசூல், திருப்பித்தருவது எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். அந்த வேலையை விட்டபிறகு, இந்த மாதிரிப் புகார்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி. நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இணைப்பு கொடுக்கவேண்டிய முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். கம்பெனி சேவை தருவதாக ஒப்புக்கொண்டது அந்த முகவரிக்கு. அங்கே இன்றைக்கும் லைன் ஓடுகிறது. இடத்தை மாற்றுவது நீங்கள். காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் விலகுகிறவர் நீங்கள்தான். ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவைச் சொல்லி, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் தானாகவே ரத்தாகிவிடும் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு இடிந்தோ, அந்தத் தெருவில் சேவைக்கே தடை வந்தோ இருந்தால் வேறு பேச்சு. இங்கே எதுவும் நின்றுபோகவில்லை.

"என் செல்போன் நம்பர் மட்டும் எந்த மாநிலம் போனாலும் கூடவே வருகிறதே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2015 ஜூலை 3 முதல் மொபைல் எண்ணை நாடு முழுக்க எந்த வட்டத்துக்கும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அது மொபைலுக்கு மட்டும்தான். கம்பிவழி இணைப்புக்கு அப்படி ஓர் உரிமை நம் நாட்டில் இல்லை. ஃபைபரோடு வந்த லேண்ட்லைன் எண்ணும் 04923 என்ற உங்கள் பகுதிக் குறியீட்டோடு கட்டுண்டது. பொள்ளாச்சிக்கு 04259, அங்கே புது எண்தான்.

எல்லைப் பக்கம் இருக்கிற நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கோயமுத்தூரில் காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூருக்கு வீடு மாறினால் கம்பெனிக்கு அது ஷிஃப்டிங். அதே கணக்கு, அதே ஒப்பந்தம், முகவரி மட்டும் மாறும். ஷிஃப்டிங் கட்டணம் என்று கொஞ்சம் வாங்குவார்கள், அவ்வளவுதான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி அரை நாளில் போய்வருகிற தூரம். என்றாலும் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கம்பெனியின் கணினியில் அது ஷிஃப்டிங் இல்லை, மூடுதல். காரணம் இருக்கிறது. இணையச் சேவை உரிமங்கள் மூன்று வகை. ஏ வகை நாடு முழுக்க. பி வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மாநிலத்துக்கு. சி வகை அதற்கும் சின்னது, ஒரு மாவட்ட அளவு. கேரள வட்டத்துக்கு மட்டும் உரிமம் வாங்கியவர் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குக்கூட இணைப்பு கொடுக்கக் கூடாது. அந்த வீடு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும் கூடாது. கம்பி தொங்குகிற கம்பமும் அப்படித்தான்: இந்தப் பக்கம் கேரள மின்வாரியத்தின் கம்பம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் கம்பம், அனுமதியும் வாடகையும் தனித்தனி. உங்களுடையது கேரள அரசின் கே-ஃபோன் இணைப்பாக இருந்திருந்தால் கேள்வியே இல்லை. 2023 ஜூனில் தொடங்கிய அந்த வலையமைப்பு கேரளத்துக்கானது.

நாடு முழுக்க உரிமம் உள்ள பெரிய நிறுவனமாக இருந்தாலும் இன்னொரு சுவர் உண்டு. உங்கள் பில்லை எடுத்து ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 32 என்று இருக்கும். அது கேரளம். தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியாக எடுக்கவேண்டியது என்பதால், பெரும்பாலான கம்பெனிகளின் பில்லிங் கணினியும் மாநிலவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. 32இல் இருக்கிற கணக்கை 33க்கு நகர்த்த பொத்தான் கிடையாது. கவுண்டரில் இருக்கிற பெண் "சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லைங்க" என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்து திருத்தணிக்கோ வேலூருக்கோ மாறுகிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கே ஆந்திரத்தின் 37. ஆனால் கணினியில் பொத்தான் இல்லை என்பது கம்பெனியின் உள் ஏற்பாடு. அதற்காக வாடிக்கையாளர் தண்டம் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே உங்கள் கம்பெனி பொள்ளாச்சியிலும் சேவை தருகிற கம்பெனியா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கவுண்டரில் சொல்வதை நம்ப வேண்டாம். புது வீட்டின் தெருப் பெயரையும் பின்கோடையும் கொடுத்து, இந்த முகவரிக்கு இணைப்பு தர முடியுமா முடியாதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். முடியும் என்றால், "அங்கே புது இணைப்பு எடுத்துக்கொள்கிறேன், மீதி ஏழு மாதக் கட்டுப்பாட்டை அதில் தொடர்ந்துகொள்ளுங்கள், இங்கே எக்ஸிட் சார்ஜ் போடாதீர்கள்" என்று எழுதுங்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படி எழுத்தில் வந்த கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை மேலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வாடிக்கையாளர் கைவிட்டுப் போகவில்லையே, வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

அங்கே சேவை இல்லை என்பது உறுதியானால் இரண்டாவது கேள்விக்கு வரலாம்.

ஒரு நிச்சயமான விஷயம்: எக்ஸிட் சார்ஜ் இவ்வளவுதான் இருக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. பிராட்பேண்ட் கட்டணங்களை நிர்ணயிக்கும் பொறுப்பைச் சந்தையிடமே விட்டிருக்கிறார்கள். அதனால் "டிராய் விதிப்படி இது செல்லாது" என்று ஆரம்பித்தால் கம்பெனிக்காரர் எந்த விதி என்று கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. நீங்கள் பிடிக்கவேண்டியது இந்திய ஒப்பந்தச் சட்டத்தை. 1872ஆம் வருடத்துச் சட்டம், 74ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை முறித்தால் இன்ன தொகை என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். எழுதிய தொகை உச்சவரம்பு, அவ்வளவே. 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இழப்பைக் கணக்குப்போட்டுக் காட்ட முடிகிற இடத்தில் காட்டித்தான் ஆக வேண்டும். கணக்குப்போடுவது கஷ்டம் என்கிற இடத்தில்தான், முன்கூட்டியே எழுதிய தொகை நியாயமான மதிப்பீடாக இருந்தால் அதைத் தரலாம்.

பிராட்பேண்டில் இழப்பைக் கணக்குப்போடுவது கஷ்டமே இல்லை. நான் தினமும் போட்ட கணக்கு அது. நீங்கள் போய்விட்டால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? இன்ஸ்டலேஷனைத் தள்ளுபடி செய்தார்கள், அது 1,000. ஒரு வருடம் இருப்பீர்கள் என்று நம்பி மாதம் 100 ரூபாய் குறைத்தார்கள், ஐந்து மாதத்துக்கு 500. ஆக 1,500. அதன் மேல் 18 சதவீத வரி 270. மொத்தம் 1,770 ரூபாய். ரவுட்டரைத் திருப்பிக்கொடுத்துவிட்டால் அதில் நஷ்டம் இல்லை. அவர்கள் கேட்பது 4,947 ரூபாய் 74 காசு. வித்தியாசம் 3,177 ரூபாய் 74 காசு. அந்த வித்தியாசம் நீங்கள் உபயோகிக்கப்போகாத ஏழு மாதத்துக்கான விலை. அந்த ஏழு மாதமும் உங்களுக்காக அவர்கள் அலைவரிசை வாங்கப்போவதில்லை, லைன் அறுந்தால் ஆள் அனுப்பப்போவதில்லை.

உண்மையில் நஷ்டம் 1,500 கூட இல்லை என்றுதான் சொல்வேன். கம்பத்திலிருந்து உங்கள் வீட்டு ஜன்னல்வரை இழுத்த ஃபைபர் வயரை யாரும் உருவிக்கொண்டு போகமாட்டார்கள். அது அங்கேயே சுருட்டித் தொங்கும். அடுத்த குடித்தனக்காரர் இணைப்புக் கேட்டால் நுனியை மறுபடி ஒட்டி அரை மணி நேரத்தில் ஓட விடுவார்கள். நீங்கள் திருப்பிக்கொடுக்கிற ரவுட்டரையும் துடைத்து, ரீசெட் செய்து, அடுத்த வீட்டில் மாட்டுவார்கள். இதைச் சொல்வது கம்பெனியைத் திட்ட இல்லை. சின்ன ஆபரேட்டர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். வயர், ஒட்டுக்கூலி, ரவுட்டர், ஏஜெண்ட் கமிஷன் என்று முதல் நாளே கையிலிருந்து போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப எடுக்கிறார்கள். மூன்றாம் மாதமே ஆள் போய்விட்டால் அவர்களுக்கு அடிதான். அதனால் ஒரு வருடக் கட்டுப்பாடு வைப்பதே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். போட்ட காசைக் கேட்கட்டும். வரப்போகாத மாதங்களின் வருமானத்தை மொத்தமாகக் கேட்பதுதான் தப்பு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

தொகையின் மேல் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களே என்றும் கேட்டீர்கள். அதை எதிர்க்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் வந்த வரித்துறைச் சுற்றறிக்கை, குத்தகையை முன்கூட்டி முடிப்பதற்கு வாங்குகிற கட்டணம் போன்றவற்றை மூலச்சேவையோடு சேர்ந்ததாகவே பார்க்கிறது. கம்பெனிகள் அதை வைத்துத்தான் வரி போடுகின்றன. அசல் குறைந்தால் வரியும் தானாகக் குறையும்.

எழுதிப் போராடுவதற்கு முன், சண்டையே இல்லாமல் முடியக்கூடிய ஒரு வழியையும் பாருங்கள். நீங்கள் காலி செய்கிற வீட்டுக்கு அடுத்துக் குடிவருகிறவரிடம், அல்லது வீட்டு உரிமையாளரிடம், இந்த இணைப்பை அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேளுங்கள். பாக்கியைத் தீர்த்துவிட்டு, புதியவர் ஆதாரும் புகைப்படமும் கொடுத்துப் புதுப் படிவம் நிரப்பினால் பல கம்பெனிகள் பெயர் மாற்றிக்கொடுக்கும். மீதி ஏழு மாதம் அவரோடு போய்விடும். நம் ஊர்களில் வாடகை வீடு அதிக நாள் பூட்டிக்கிடப்பதில்லை என்பதால் இது நடக்கக்கூடிய காரியம். ஒரு எச்சரிக்கை: பெயரை மாற்றாமல் வாய்வார்த்தையில் "நீங்களே உபயோகித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த லைனில் யார் எதைச் செய்தாலும் விசாரணை முதலில் வந்து நிற்பது படிவத்தில் இருக்கிற பெயரில்.

இன்னொரு வழி, நடுவில் பிளானைக் குறைக்க ஒப்பந்தம் அனுமதித்தால், அவர்களிடம் இருப்பதிலேயே மலிவான பிளானுக்கு இறங்குவது. 399 ரூபாய் பிளான் இருந்தால் ஏழு மாதத்துக்கு வரியோடு 3,295 ரூபாய் 74 காசு. கேட்கிற தொகையைவிடக் குறைவுதான். ஆனால் நியாயமான 1,770ஐவிட மிக அதிகம். வேறு எதுவும் நடக்காவிட்டால் மட்டும் இதை யோசியுங்கள்.

சரி, செய்யவேண்டியது என்ன? வீடு மாறுவதற்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னால் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதாது, தொலைபேசி சுத்தமாகப் போதாது. எளிமையாக எழுதினால் போதும், இப்படி: "என் கணக்கு எண் இது. இன்ன தேதியோடு சேவையை நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். என் புதிய முகவரிக்குச் சேவை இல்லை என்று இன்ன தேதியில் தெரிவித்தீர்கள். தள்ளுபடி செய்த இன்ஸ்டலேஷன் 1,000 ரூபாயையும் ஐந்து மாதக் கட்டணச் சலுகை 500 ரூபாயையும் வரியோடு செலுத்தச் சம்மதிக்கிறேன். மீதி ஏழு மாத வாடகையைக் கேட்பது உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத தொகை என்பதால் ஏற்கவில்லை. ரவுட்டரை எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவியுங்கள்." கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். நாளைக்கு வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையத்தின் உறுப்பினர் படிக்கப்போவது இந்தக் கடிதத்தைத்தான். நான் இவ்வளவு தர்றேன், இதற்கு மேல் நியாயமில்லை என்று கணக்கோடு சொல்கிறவருக்கும், ஒரு பைசா தரமாட்டேன் என்கிறவருக்கும் கிடைக்கிற மரியாதை ஒன்றல்ல. பில்லிங்கில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் மேலாளரும் அப்படித்தான் பார்த்தார்.

ரவுட்டர் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள், பாதிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. அதைக் கவிழ்த்துப் பாருங்கள், வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் பார்கோடுக்குக் கீழே சீரியல் எண். அந்த எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் அடாப்டரையும் அந்த மஞ்சள் நிறச் சின்ன ஃபைபர் வயரையும் வைத்து இன்னொரு படம், விளக்குகள் எரிகிற நிலையில் ஒரு படம். அப்புறம் ஒப்படைத்ததற்கு ரசீது. ரசீதில் அதே சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து "நான் எடுத்துட்டுப் போறேன், ரசீது ஆபீஸ்ல வாங்கிக்குங்க" என்றால் கொடுக்காதீர்கள். நல்ல பையன்தான், ஆனால் அவர் வண்டிப் பெட்டியில் அந்த மாதிரி பத்து ரவுட்டர் கிடக்கும், எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. மூன்று மாதம் கழித்து "ரவுட்டர் வரவில்லை, இவ்வளவு கட்டுங்கள்" என்று செய்தி வரும்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது அந்தச் சீரியல் எண் போட்ட ரசீது.

நீங்கள் மூடச்சொன்ன தேதி முக்கியம், அவர்கள் ரவுட்டரை எடுத்துப்போன தேதி அல்ல. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத்தர விதிகளின்படி, மூடக் கேட்டால் 7 நாளில் மூட வேண்டும், டெபாசிட் ஏதும் கட்டியிருந்தால் 45 நாளில் திருப்ப வேண்டும். செயலியில் மூடுவதற்கான இடத்தையே ஒளித்துவைத்து, போன் போட்டால் புது ஆஃபரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அதையும் படம் எடுத்து வையுங்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சந்தாவிலிருந்து வெளியேற முடியாதபடி சிக்கவைப்பது தடைசெய்யப்பட்ட 13 வழிமுறைகளில் ஒன்று.

மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, புகார் மையத்தில் பதிவுசெய்து டாக்கெட் எண் வாங்குங்கள். தீர்வு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கட்டணம் இல்லை. பெரிய நிறுவனங்களில் இது ஓரளவு ஓடுகிறது. ஊர் ஆபரேட்டரிடம் மேல்முறையீட்டு அதிகாரி யார் என்று கேட்டால் முதலாளியே எழுந்து நிற்பார். அங்கே நேரில் உட்கார்ந்து பேசுவதுதான் சீக்கிரம் முடியும். டிராய்க்கே நேரடியாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். டெல்லியில் இருக்கிற தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமும் தனி நுகர்வோர் வழக்கை எடுக்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். நாடறிந்த நிறுவனமாக இருந்தால் அந்த ஒரு அழைப்பிலேயே பலருக்கு முடிந்திருக்கிறது.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பெல்லாம் கம்பெனி இருக்கிற ஊரில் அல்லது பிரச்சினை நடந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். எல்லை தாண்டிப் போனவர்கள் பாலக்காட்டுக்கு நடக்க முடியாமலே விட்டுவிடுவார்கள். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்திலேயே போடலாம். நீங்கள் பொள்ளாச்சிக்குப் போனபிறகு கோயம்புத்தூர் ஆணையத்தில் போடலாம், கம்பெனி கேரளத்தில் இருந்தாலும் பரவாயில்லை. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் கெடு. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று கம்பெனி வக்கீல்கள் பழைய பாட்டைப் பாடுவார்கள். வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டது.

மனு எழுதும்போது ஒரு நுணுக்கம். 2019 சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒன்றை வரையறுத்திருக்கிறது. ஏற்பட்ட இழப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மேல் சுமத்துவது அதில் பெயர்சொல்லி இடம்பெற்றிருக்கிறது. படித்தால் உங்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கேட்கிற வழக்கு மாவட்ட ஆணையத்தில் நிற்காது, மாநில ஆணையத்துக்குத்தான் அந்த அதிகாரம். மூவாயிரம் ரூபாய்க்குச் சென்னைவரை போக முடியுமா? அதனால் மாவட்டத்தில் போடும்போது சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற தலைப்புகளில் போடுங்கள். அதிகப்படித் தொகை வசூலித்தது, சொல்லாமல் மறைத்தது, ரசீது தராதது என்று நடந்ததை எழுதி, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவை வாதமாக வையுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் சட்டப் பிரிவுகளும் நாள் கணக்கும் உறுதியானவை. உங்கள் வழக்கில் ஆணையம் என்ன சொல்லும் என்பது அப்படி இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டு என்று சொல்கிற உறுப்பினரும் இருக்கலாம்; நிஜ நஷ்டத்தை மட்டும் கொடு என்கிறவரும் இருக்கலாம். நீங்கள் ஒத்துக்கொள்கிற 1,770ஐ முன்கூட்டியே கட்டி ரசீது வைத்திருந்தால் உங்கள் நிலை பலப்படும் என்பது என் கருத்து. கட்டாமல் முழுதும் நிறுத்திவைத்தால், வசூல் ஏஜென்சியிலிருந்து போன் வரும்போது உங்கள் பக்கம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்படி யாராவது போன் செய்தால் வாயால் வாதாட வேண்டாம். "தொகை தகராறில் இருக்கிறது, கடிதம் இந்தத் தேதியில் போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அந்த மின்னஞ்சலை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். இணைப்புக் கொடுக்க வந்தவர் ஒரு வருடக் கட்டுப்பாட்டைச் சொன்னாரா? நம் பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். படிவம் ஆங்கிலத்தில், ரசீது மலையாளத்தில், பேச்சு தமிழில். "எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம் அக்கா, ஒண்ணும் பிரச்சினையில்லை" என்று சொல்லிவிட்டு டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். படிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான், சட்டம் பொதுவாக அப்படித்தான் பார்க்கும். ஆனால் அவர் வாட்ஸ்அப்பில் இப்படி ஏதாவது எழுதியிருந்தாலோ, படிவத்தின் நகலை உங்களுக்குத் தராமலே விட்டிருந்தாலோ உங்கள் கை ஓங்கும். அந்த அரட்டையை அழிக்காதீர்கள். இந்த ஐந்து மாதத்தில் லைன் நாள்கணக்கில் அறுந்துகிடந்து புகார் செய்திருந்தால் அந்த டாக்கெட் எண்களையும் சேகரியுங்கள். சேவையே சரியில்லை என்று காட்ட முடிந்தால், நான் ஆரம்பத்தில் சொன்ன முதல் கேள்விக்கான பதிலே மாறிவிடும். அப்போது முறித்தவர் நீங்கள் இல்லை.

மாதாமாதம் கட்டாமல் ஒரு வருடத் தொகையை மொத்தமாகக் கட்டியவர்களுக்கும் கணக்கு இதேதான், திசை மட்டும் மாறும். 599 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு வரியோடு 8,481 ரூபாய் 84 காசு கட்டியிருப்பீர்கள். உபயோகித்த ஐந்து மாதத்தை 699 வீதம் போட்டு, இன்ஸ்டலேஷன் 1,000 சேர்த்தால் வரியோடு 5,304 ரூபாய் 10 காசு. மீதி 3,177 ரூபாய் 74 காசைத் திருப்பிக் கேளுங்கள். பணம் அவர்கள் கையில் இருப்பதால் இது இன்னும் கடினம், ஒத்துக்கொள்கிறேன். "ஜிஎஸ்டி கட்டியாச்சு, திரும்ப வராது" என்று ஒரு சாக்கு சொல்வார்கள். கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கிற சீட்டு, போட்டு வரியைக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. நிதியாண்டு முடிந்து அடுத்த நவம்பர் 30 வரை நேரம் உண்டு. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பொள்ளாச்சியில் புது இணைப்பு எடுக்கும்போது, வேலை நிலைக்கும் வரை மாதாந்திர பிளானிலேயே இருங்கள். நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டியது மூன்று: நடுவில் நிறுத்தினால் எவ்வளவு, ரவுட்டர் யாருடையது, படிவ நகல் மின்னஞ்சலில் வருமா.

உங்கள் படிவத்தை நான் பார்க்கவில்லை. எக்ஸிட் சார்ஜ் பற்றிய வாசகமும், சேவை இல்லாத இடத்துக்கு மாறுவதைப் பற்றி ஏதாவது இருந்தால் அதுவும், எனக்குத் தேவை. சில கம்பெனிகளின் நிபந்தனைகளில் அப்படி மாறுகிறவருக்கு விலக்கு தருகிற ஒரு வரி கடைசிப் பக்கத்தில் கிடக்கும், கவுண்டரில் இருப்பவர்களுக்கே அது தெரியாது. பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் இங்கே எழுதுங்கள். படித்துவிட்டு, மேலே கொடுத்த கடிதத்தில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.